இருபத்தெட்டு

கருப்பூர் வெள்ளைக்கல் சுரங்கத்தில்
நேர அலுவலகம் என்பது ஒரு ஜன்னல்.
உள்ளே ஆணிப் பலகை,
ஆணிகளில் பித்தளை வில்லைகள்.
வில்லையை வாங்கினால் ஆள் உள்ளே.
ஆணிக்கு வில்லை திரும்பினால் ஆள் வெளியே.
முப்பத்தோரு வருஷமாக
எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்.

இரவு ஷிப்டில் கண்ணயராமலிருக்க
ஒரு படையின் வரலாற்றைப் படித்தேன்,
சோவியத்தின் இருபத்தெட்டாவது.
பழைய வருகைப் பதிவேட்டின் மிச்சத் தாள்களில்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்:
உருவான தேதி, கலைந்த தேதி,
மறுபடி உருவான தேதி.

முதலாவது, நாற்பத்தொன்றின் கோடையில் கிளம்பியது.
ரோஸ்லாவ்ல் என்ற ஊர்ப்பக்கம்
நாலு திசையும் அடைபட்டு
ஆகஸ்ட் தொடக்கத்தில் முடிந்தது.
விதைத்த கொத்தவரை காய்க்கிற காலம்கூட ஆகவில்லை.

இரண்டாவது கார்கோவ் பக்கம் தேய்ந்தது.
மறு ஜூலையில் அதன் தலைமையகத்தைக் கழற்றி
இன்னொரு படைக்கு மாட்டினார்கள்,
ஓடாத பஸ்ஸின் இன்ஜினை
வேறு பஸ்ஸில் ஏற்றுகிற மாதிரி.

மூன்றாவது அஸ்திரகானில் எழுந்தது,
வோல்கா கடலைத் தொடுகிற இடத்தில்.
லாரி போதவில்லை. குதிரை போதவில்லை.
ஒட்டகம் பிடித்தார்கள்.
பீரங்கி இழுக்கிற ஒட்டகத்தை நினைத்துத்
தனியாகச் சிரித்தேன்.
காவலாளி அம்மாசி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.
அதில் ஒன்றிரண்டு
பெர்லின் வரைக்கும் நடந்ததாகச் சொல்கிறார்கள்.

எண் ஒன்றுதான்.
அஸ்திரகானில் சேர்ந்தவனுக்கு
ரோஸ்லாவ்ல் மண்ணில் கிடப்பவன் யாரென்று தெரியாது.

பிறகு இதைப் படித்தேன்:
முதல் படையின் தளபதி
முற்றுகையை உடைக்கப் பார்த்து
டாங்கிக்குள்ளேயே இறந்தார்.
பன்னிரண்டாம் நாள் வந்த உத்தரவு
'எதிரியிடம் சரணடைந்தவர்' என்றது.
வீட்டாரைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.
அந்த ஒரு வரியை அடிக்க
பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

ஸ்கேலைக் கீழே வைத்தேன்.

தொண்ணூற்றாறு ஐப்பசி. அடைமழை.
மூன்றாம் பெஞ்சு சரிந்தது.
அன்று எல்லா வில்லையும் ஆணிக்கு வந்தன,
இருபத்தெட்டு தவிர.
மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதினேன்,
என் கையெழுத்து நன்றாக இருக்கும்:
'இருசப்பன். வில்லை எண் 28.
சொல்லாமல் வேலையை விட்டவர்.'

பூவாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்,
"வெளிய போன மனுசன்
வில்லையக் குடுத்துட்டுத்தான போயிருப்பாரு?"
என் கணக்கை எனக்கே சொன்னாள்.
நான் பதிவேட்டைத் திருப்பி
அந்த வரியைக் காட்டினேன்.
அவளுக்கு எழுத்துத் தெரியாது.
இருந்தும் காட்டினேன்.

சித்திரையில் கல் வாரும்போது கிடைத்தார்.
அரைஞாண் கயிற்றில் வில்லை.
புளி போட்டுத் துலக்கி ஆணியில் மாட்டினேன்.
திங்கட்கிழமை மெய்வேலுக்குக் கொடுத்தேன்.
மெய்வேல் முழங்கால் போய் நின்றதும்
கொஞ்ச நாள் சும்மா தொங்கியது.
வரி மட்டும் அப்படியே இருந்தது.
பூவாயிக்குப் பணம் வராததற்கு
அந்த வரிதான் ஆதாரம்.

நேற்றிரவு அந்தப் பதிவேட்டை இறக்கினேன்.
கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது, பெயரைத் தொடவில்லை.
சிவப்பு மையில் அடித்துவிட்டு
மேலே எழுதினேன்: 'உள்ளே இருந்தார்.'
சுருக்கொப்பமும் போட்டேன்.
தேதியில் மாட்டிக்கொண்டேன்.
ஐப்பசியா, சித்திரையா, நேற்றா?
அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

ஆறு மணிச் சங்கு.
சேர்வராயன் மலை இன்னும் மேகத்துக்குள்.
ஜன்னலில் முதல் கை,
ராஞ்சிப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்த
சுக்ராம் முண்டாவின் கை.
"அட்டாயிஸ், சார்."

எடுத்துக் கொடுத்தேன்.
எண் தேய்ந்துவிட்டதால்
ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு.